இரண்டு வாரம் தாண்டிய இருமலும் வீட்டுக் கஷாயமும்

இருமலோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எத்தனை நாளா இருக்கு?" மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் பெரியவர்கள் பலரும் "கொஞ்ச நாளாத்தான் டாக்டர்" என்பார்கள். கூட வந்த மருமகள், "தீபாவளிக்கு முன்னாலேயே இருமிக்கிட்டு இருந்தாங்க" என்று சொன்ன பிறகுதான் கணக்கு சரியாகும். அதுவரை ஓமவல்லிச் சாறு, சுக்குத் தண்ணீர், மிளகு ரசம் எல்லாம் முறையாக நடந்திருக்கும்.

கஷாயத்தில் தப்பில்லை. நாட்களைக் கணக்கு வைக்காமல் கஷாயம் குடிப்பதுதான் தப்பு.

சளிக்காய்ச்சலோடு வந்த இருமல் பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் அடங்கிவிடும். பெரியவர்களுக்கு எட்டு வாரம் தாண்டினால் அது நாள்பட்ட இருமல். அதற்காக எட்டு வாரம் காத்திருக்கக் கூடாது. இரண்டு வாரம் தாண்டினாலே சளியைப் பரிசோதித்துவிடுங்கள். காசநோய் இந்த நாட்டில் பழங்கதை இல்லை. 2022இல் மட்டும் 25,000 பேருக்கு மேல் கண்டறியப்பட்டது. இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களை அது எளிதாகப் பிடிக்கும், நம் குடும்பங்களில் இனிப்புநீர் இல்லாத வீடு குறைவு. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு, சளியில் ரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் நாள் எண்ண வேண்டாம், அன்றைக்கே வாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் மலேசியர்களுக்குக் காசநோய்ச் சிகிச்சை இலவசம். வழக்கமாக ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும். வெளியே தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று மறைத்தால், ஒரே அறையில் படுக்கும் பேரப்பிள்ளைக்குத்தான் முதலில் ஒட்டும்.

இன்னொரு காரணம் பலருக்குத் தோன்றவே தோன்றாது: ரத்த அழுத்த மாத்திரை. பெரிண்டோப்ரில், எனலாப்ரில், கேப்டோப்ரில் என்று பெயர் 'ப்ரில்' என முடியும் மாத்திரைகள் சிலருக்குச் சளியே இல்லாத வறட்டு இருமலைக் கொடுக்கும். தொண்டையில் ஏதோ நமநமவென்று இருக்கும், இரவில் தூங்க விடாது. மாத்திரை தொடங்கிச் சில மாதம் கழித்துக்கூட வரலாம் என்பதால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. தொண்டைக்கு இதமாக இருக்கும் என்று அதிமதுரத்தை வாங்கிக் கொதிக்க வைப்பார்கள். தொடர்ந்து குடித்தால் அதிமதுரம் உடம்பில் உப்பைத் தங்க வைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். இருமலும் போகாது, எந்த நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறோமோ அதுவும் கூடிவிடும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் வேறு வகைக்கு மாற்றித் தருவார். பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வாரத்தில் இருமல் நின்றுவிடும், சிலருக்கு மூன்று மாதம்வரை ஆகலாம்.

ஆஸ்துமா, நெஞ்செரிச்சல், மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கும் சளி, சிகரெட், புகைமூட்டக் காலக் காற்று, இவையும் இருமலை இழுத்தடிக்கும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? வெந்நீர், உப்பு நீரில் கொப்பளிப்பது, இஞ்சியும் துளசியும் போட்ட தண்ணீர் எல்லாம் இதம்தான். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குத் தூங்கும் முன் ஒரு தேக்கரண்டித் தேன் நல்ல பலன் தரும். ஒரு வயதுக்குள் தேன் வேண்டவே வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் தசைகளையே செயலிழக்க வைக்கும். இனிப்புநீர்க்காரர்கள் தேனையும் கருப்பட்டியையும் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். ஆடாதோடை சாதாரண இலை இல்லை. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தே உருவானது. ஆனால் அது கருப்பையைச் சுருங்க வைக்கக்கூடியது, கர்ப்பிணிகள் தொடக்கூடாது. அப்புறம், கொதிநீர்ச் சட்டியை வைத்துப் பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்காதீர்கள். சட்டி கவிழ்ந்து வெந்துபோன தொடைகளைப் பார்த்தவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள்.

பசாரில் லேபிள் இல்லாமல் விற்கும் இருமல் பொடி, மாத்திரைகளை வாங்காதீர்கள். பதிவான பாரம்பரிய மருந்தில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கி, எண்களுக்குப் பின் 'டி' (T) வரும் பதிவு எண் இருக்கும். பதிவில்லாத சிலவற்றில், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கக்கூடிய ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். குடித்ததும் நெஞ்சு லேசான மாதிரி இருக்கும், உள்ளே காசநோய் இருந்தால் அது வளர்ந்துகொண்டே போகும்.

கிளினிக்குக்கு வரும்போது சாப்பிடும் மாத்திரை, பொடி, லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டதற்காக நான் யாரையும் திட்டுவதில்லை. என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நாள் என்று தெரிந்தால்தான் சரியான மருந்து தர முடியும்.