பிள்ளையைப் பார்க்கும் நாளையும் நீதிமன்றத்திடம் கேளுங்கள்

மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் வந்திருந்தார். கையில் ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து. சிறுவர் இல்லத்தில் இருக்கும் மகனுக்கு வாங்கியது. காலளவை ஒரு நூலில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். அது ஏழு மாதத்துக்கு முந்திய நூல். "இது இப்ப காணுமோ தெரியாது மிஸ்" என்றார். அப்புறம் மெதுவாக, "கோட்ஸ்தானே பிள்ளையை எடுத்தது, இனி நான் போய்ப் பார்க்கக் கேட்கலாமோ?"

கேட்கலாம். கேட்கவே வேண்டும்.

1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பராமரிப்போ பாதுகாப்போ தேவைப்படும் பிள்ளையை நீதிமன்றம் தகுந்த ஓர் ஆளின் பொறுப்பில் விடலாம். அந்த ஆள் உறவினராகவும் இருக்கலாம். அம்மம்மாவோ சித்தியோ பொறுப்பெடுக்கத் தயாராக இருந்தால், வழக்குத் தவணைக்கு முன்பே, பிள்ளையின் நிலையை விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கும் நன்னடத்தை அலுவலரிடம் சொல்லுங்கள். பலர் இதைச் சொல்வதே இல்லை, இல்லம் ஒன்றுதான் வழி என்று நினைத்துவிடுகிறார்கள்.

பிள்ளை யாரிடம் இருப்பது என்பது ஒரு கேள்வி. பெற்றோர் எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பது வேறு கேள்வி. முதலாவதுக்குக் கட்டளை கிடைக்கிறது. இரண்டாவதை யாரும் கேட்காததால் கட்டளையில் அதைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. அப்போது அதைத் தீர்மானிப்பவர் இல்லத்தில் அன்றைக்கு நிற்பவர்தான்.

இந்தத் தாயிடம் இல்லத்தில், "நீங்கள் வந்துபோனால் பிள்ளை இரண்டு நாளைக்குச் சாப்பிடுதில்லை, கொஞ்சக் காலம் வராமல் இருங்கோ" என்றிருக்கிறார்கள். பிள்ளைக்கு நல்லது என்று நம்பி நின்றுவிட்டார். பிறகு நீதிமன்றத்துக்கு வந்த அறிக்கையில் ஒரு வரி: 'தாய் பிள்ளையை வந்து பார்ப்பதில்லை.' அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. தாய் போனதும் பிள்ளை அழுவது தாயைத் தேடுவதால். அதைக் காட்டித் தாயை நிறுத்துவது எந்த நியாயம்?

சந்திப்புகளைக் குறைத்துவிட்டு, பிறகு 'உறவு இல்லை' என்று சொல்லும் இந்தச் சிக்கலை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் பார்த்திருக்கிறது. நோர்வேக்கு எதிரான ஸ்ட்ராண்ட் லொபன் வழக்கில், பிறந்த சில வாரங்களில் எடுக்கப்பட்ட குழந்தை, பின்னர் தாயின் விருப்பத்துக்கு மாறாகத் தத்துக் கொடுக்கப்பட்டது. 2019 செப்டெம்பர் 10ஆம் திகதி, 17 நீதியரசர்களில் 13 பேர் அது குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறியது என்றார்கள். தாய்க்குக் கிடைத்த சந்திப்புகள் மிகச் சில. அவற்றை வைத்து அவருடைய பராமரிக்கும் திறனைப் பற்றிப் பெரிய முடிவுக்கு வர முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. 1988இல் சுவீடனுக்கு எதிரான ஒல்சன் வழக்கில், பிள்ளைகளை எடுத்தது தவறில்லை என்றும், அவர்களைப் பிரித்துத் தூரத்தில் வைத்துச் சந்திப்புகளைக் கட்டுப்படுத்திய விதம் தவறு என்றும் தீர்த்தார்கள்.

அந்தத் தீர்ப்புகள் நமது நீதவானைக் கட்டுப்படுத்தா. ஆனால் இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, பெற்றோரைப் பிரிந்திருக்கும் பிள்ளை அவர்களோடு ஒழுங்காகத் தொடர்பு வைத்திருப்பதைப் பிள்ளையின் உரிமை என்றே சொல்கிறது. பிள்ளையின் நலனுக்கு மாறாக இருந்தால் மட்டுமே விலக்கு. அடித்த, துன்புறுத்திய பெற்றோர் விடயத்தில் அந்த விலக்கு கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. அதையும் நீதிமன்றம் காரணத்தோடு எழுதட்டும். வாசலில் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பக் கூடாது.

ஆகவே தவணை நாளில் சந்திப்பையும் கட்டளையில் சேர்க்கச் சொல்லுங்கள். வெருகலில் இருந்து பஸ் ஏறி வருபவருக்கு எந்த நாள், எந்த நேரம் சரிவரும் என்பதையும் சொல்லுங்கள். குவைத்தில் வேலை செய்யும் தாய் வீடியோ அழைப்புக்கு அனுமதி கேட்கலாம். சகோதரங்களை ஒரே இடத்தில் வைக்கும்படியும் கேளுங்கள். போகும் ஒவ்வொரு தடவையும் வருகைப் புத்தகத்தில் கையெழுத்து வைத்து, திகதியை உங்கள் கொப்பியிலும் எழுதுங்கள். திருப்பி அனுப்பினால் அதையும் எழுதுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

அந்தத் தாய்க்காக, சந்திப்பைக் கேட்டு நீதிமன்றத்தில் நகர்த்தல் பத்திரம் (எழுத்துமூலக் கோரிக்கை) போட்டோம். இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, காலை 10 மணி முதல் 12 வரை என்று கட்டளையில் இருக்கிறது. சப்பாத்து மகனுக்குச் சின்னதாய்ப் போயிருந்தது. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தாராம்.