சென்சார் சொன்ன 47000

தன் லினக்ஸ் லேப்டாப்பில், சென்சார் அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூமான் கோப்புகளைத் திறந்து பார்த்த வாசகர் ஒருவர், "வெப்பநிலை 47000 என்று வருகிறதே, சென்சார் கெட்டுவிட்டதா?" என்று கேட்டிருந்தார். கெடவில்லை. அது 47 டிகிரி செல்சியஸ்தான், மில்லி டிகிரியில், அதாவது டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கில், எழுதியிருக்கிறது.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஃப்ளோட்டிங் பாயின்ட், அதாவது புள்ளி வைத்த எண்களின் கணக்குப் போடுவதைத் தவிர்ப்பார்கள். அதற்கென்று பிராசஸரில் ரெஜிஸ்டர்கள் எனும் தனி குட்டிச் சேமிப்பிடங்கள் இருக்கின்றன, அவற்றில் ஏதோ ஒரு புரோகிராம் பாதியில் விட்ட கணக்கு கிடக்கும், கெர்னல் அதில் கை வைப்பதென்றால் எல்லாவற்றையும் எடுத்து வைத்துத் திரும்பவும் போட வேண்டும், அதற்கு நேரம் செலவாகும். அதனால் முழு எண்தான். சரி, அரை டிகிரியை முழு எண்ணில் எப்படிச் சொல்வது? அலகைச் சின்னதாக்கிவிட்டால் போதும். நம்ம ஊர் நகைக்கடையில் "எட்டு கிராம் இருநூற்று நாற்பது மில்லி" என்கிறார்களே, அங்கே புள்ளிக்கு வேலையே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. ராஸ்பெரி பை எனும் குட்டிக் கணினியில் பலரும் மாட்டும் டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார், 12 பிட்டில் ஒரு படிக்கு 1/16 டிகிரி என்று அளக்கிறது. அது 401 என்று அனுப்பினால் உண்மையான அளவு 25.0625. முழு எண் கணக்கில் முதலில் 16ஆல் வகுத்தால் வெறும் 25 வரும், மிச்சம் போயே போச்சு. முதலில் 1000ஆல் பெருக்குங்கள்: 401000. அப்புறம் வகுங்கள்: 25062. அதே இரண்டு செயல்கள், வரிசை மட்டும்தான் மாறியது! தவறவிட்டது அரை மில்லி டிகிரி. அந்தச் சென்சாரின் பிழையே ±0.5 டிகிரி, அதாவது நாம் விட்டதைப்போல ஆயிரம் மடங்கு. இதனால்தான் திரையில் 25.062 என்று மூன்று இலக்கம் காட்டுவது எனக்குப் பிடிக்காது, பார்ப்பவர் அத்தனை துல்லியம் என்று நம்பிவிடுவார்.

அலகை, புரோகிராமில் எண்ணை வைக்கும் வேரியபிளின் பெயரிலேயே எழுதிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். பிஎம்பி280 சென்சாருக்குத் தயாரிப்பாளர் தரும் 64 பிட் கணக்கு, காற்றழுத்தத்தை 1/256 பாஸ்கலில் கொடுக்கிறது. 24674867 என்ற எண்ணைப் பார்த்து அது 96386.2 பாஸ்கல் என்று யாரால் ஊகிக்க முடியும்?

ஹெச்டபிள்யூமானில் வோல்டேஜ் மில்லிவோல்ட்டிலும் கரண்ட் மில்லி ஆம்பியரிலும் இருக்க, பவர் மட்டும் மைக்ரோவாட்டில். முதலில் பார்க்க ஒட்டாதது போலத் தெரியும். பெருக்கிப் பாருங்கள்: 12000 மில்லிவோல்ட், 3500 மில்லி ஆம்பியர், விடை 42000000. அப்படியே மைக்ரோவாட், அதாவது 42 வாட். வகுத்தலே தேவைப்படவில்லை, ஒரு துளியும் சிந்தவில்லை. ஆனால் அலகு இவ்வளவு சின்னதானால் எண் பெரிதாகிவிடும். பிளஸ், மைனஸ் இரண்டும் வரக்கூடிய (குறியுள்ள) 32 பிட் எண்ணில் 2147483647 வரைதான் இடம், அது சுமார் 2147 வாட். லேப்டாப்புக்குத் தாராளம். சர்வர்களின் பவர் சப்ளை அதைத் தாண்டக்கூடும், தாண்டினால் பவர் மைனஸில் தெரியும். அதனால் பெருக்குவதற்கு முன்பே 64 பிட்டுக்கு மாற்றிவிடுங்கள், பெருக்கிய பிறகு மாற்றிப் பயனில்லை.