போஸ்ட்டாக் வேலைக்கு யாரும் கட்டணம் கட்டுவதில்லை

போன வாரம் இன்னொரு கடிதம் வந்தது. புவி இயற்பியலில் பிஎச்டி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞர், தனக்குக் கிடைத்த போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) நியமன ஆணையை இணைத்து, "சார், இது உண்மைதானா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டிருந்தார். திறந்து பார்த்தேன். மேலே உலகறிந்த ஓர் ஆய்வு நிறுவனத்தின் சின்னம், எங்கிருந்தோ வெட்டி ஒட்டியதால் ஓரமெல்லாம் மங்கலாக. அதன் கீழே 'நிலநடுக்க முன்கணிப்புத் துறை' என்று அந்த நிறுவனத்தில் இல்லவே இல்லாத ஒரு துறை. எந்தத் திட்டத்தில் வேலை, யாருடைய குழுவில் வேலை என்று ஒரு வரி இல்லை. நேர்காணலும் நடக்கவில்லை. சம்பளம் மட்டும் தடித்த எழுத்தில். கடைசிப் பத்தியில், பதிவுக் கட்டணத்தையும் விசா ஏற்பாட்டுக் கட்டணத்தையும் உடனே செலுத்தினால்தான் இடம் உறுதி என்ற மிரட்டல். அனுப்பியது யாரும் இலவசமாகத் தொடங்கக்கூடிய ஒரு மின்னஞ்சல் முகவரி. என்னிடம் கேட்பதற்கு முன்பே முதல் தவணையைக் கட்டிவிட்டார்.

முன்பெல்லாம் இப்படி வரும்போது பரிதாபமாக இருக்கும். இப்போது எரிச்சல்தான் வருகிறது. பாதி எரிச்சல் ஏமாற்றுகிறவர்கள் மேல். மீதி, மாணவரைப் பட்டத்தோடு வெளியே அனுப்பும்போது இந்த அடிப்படை விஷயத்தைச் சொல்லித் தராத எங்களைப் போன்ற பேராசிரியர்கள் மேல்.

ஏமாந்தவர் விவரமில்லாதவர் அல்ல. மேற்பரப்பு அலைகளின் வேகத்திலிருந்து புவி மேலோட்டின் அமைப்பைக் கணக்கிடும் நிரலைத் தானே எழுதக்கூடியவர். அவர் பணம் கட்டியதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். பிஎச்டிக்கு அடுத்த படிப்பு போஸ்ட்டாக் என்று நினைத்திருக்கிறார். படிப்பு என்றால் சேர்க்கை உண்டு, பதிவு உண்டு, கட்டணம் உண்டு. அதனால் கட்டணம் கேட்டபோது அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

ஆகவே சொல்கிறேன், எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்கிறேன்: போஸ்ட்டாக் ஒரு வேலை. பாடத்திட்டம் கிடையாது, தேர்வு கிடையாது, முடிவில் பட்டமளிப்பு விழா கிடையாது. எங்கோ ஒரு ஆய்வாளர் உட்கார்ந்து, நிலநடுக்கம் உண்டாகும் ஒரு பிளவுப் பகுதியைப் பற்றியோ எரிமலையைப் பற்றியோ ஒரு திட்டம் எழுதி, நிதி தரும் அமைப்பிடம் போராடி வாங்கியிருப்பார். அந்தத் திட்டச் செலவில் 'ஒரு ஆய்வாளர், இரண்டு ஆண்டு' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் நீங்கள். அந்தப் பணம் உங்களுக்குச் சம்பளமாக வருவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. நீங்கள் அவருக்குப் பணம் கொடுப்பது எப்படிப் பொருந்தும்? ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பல்கலைக்கழகப் போஸ்ட்டாக்குகளுக்குப் பெரும்பாலும் டிவி-எல் இ13 என்ற அரசுத்துறை ஊதிய விகிதத்தில்தான் சம்பளம். வரி பிடிப்பார்கள், ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் பிடிப்பார்கள், ஆண்டு விடுப்பு உண்டு. மாணவர்களுக்கா இதெல்லாம்?

வேலை என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகத் தெளியும். வேலைக்கு விளம்பரம் இருக்கும், அது நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கும். நேர்காணல் இருக்கும், நேரிலோ காணொளியிலோ மூன்று நான்கு பேர் உட்கார்ந்து உங்கள் ஆய்வைக் குடைவார்கள். பரிந்துரை தருபவர்களிடம் விசாரிப்பார்கள். இவை எதுவுமே நடக்காமல் ஆணை வந்தால், அது பொய். விசாவுக்கு ஒரு நாட்டின் தூதரகத்தில் நீங்கள் கட்டும் கட்டணம் வேறு. அதைத் தன் கணக்குக்கு அனுப்பச் சொல்லும் பேராசிரியர் உலகில் இல்லை. சந்தேகம் இருந்தால் கடிதத்தில் உள்ள தொலைபேசி எண்ணை அழைக்காதீர்கள். நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே போய், அங்கே உள்ள முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? இரண்டாவது தவணை வேண்டாம். முதலில் வங்கி, அப்புறம் காவல்துறை. கடவுச்சீட்டின் நகலையும் அனுப்பியிருந்தால் அதையும் புகாரில் சேருங்கள். வெட்கப்பட்டு மூடி வைப்பவர்களால்தான் அடுத்தவர் மாட்டுகிறார்.

இன்னொரு குழப்பம். சில இடங்கள் மேலே சொன்ன மாதிரி யாரோ ஒருவருடைய திட்டத்தில் வரும் வேலை. சில இடங்கள் உங்கள் சொந்தத் திட்டத்துக்கு நீங்களே நிதி வாங்கிக்கொண்டு போகும் ஃபெல்லோஷிப். இரண்டுக்கும் விண்ணப்பிக்கும் முறை வேறு. ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெல்லோஷிப்புக்கு, போகப்போகும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் நீங்கள் வசித்திருக்கக் கூடாது என்பது பொது விதி. அங்கேயே பிஎச்டி முடித்துவிட்டு, அதே ஊரில் தொடர விண்ணப்பிக்கலாமா என்று கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்எஸ்எஃப் புவி அறிவியலுக்கென்று தரும் போஸ்ட்டாக் நிதி, அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களுக்கும்தான். ஆனால் அதே நாட்டில் ஒரு பேராசிரியரின் திட்டப் பணத்தில் வரும் வேலைக்குப் பொதுவாக அந்தத் தடை இல்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ் நடத்தும் மெண்டன்ஹால் ஃபெல்லோஷிப்பில் ஆய்வுத் தலைப்புகளை அவர்களே பட்டியலாக வெளியிடுவார்கள். அந்தத் தலைப்புக்குரிய ஆலோசகரோடு பேசித்தான் திட்டம் எழுத வேண்டும். ஜப்பானின் அறிவியல் ஊக்குவிப்புக் கழகமான ஜேஎஸ்பிஎஸ் தரும் ஃபெல்லோஷிப்புக்கு அங்கே ஏற்றுக்கொள்ளும் ஒரு ஆய்வாளர் முதலில் வேண்டும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். தகுதிப் பக்கத்தை முதலில் படியுங்கள், திட்டத்தை அப்புறம் எழுதலாம்.

இனி முன்கணிப்பு. அந்தப் போலி ஆணை ஏன் அந்தப் பெயரில் ஒரு துறையைக் கண்டுபிடித்தது? கேட்கிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று மோசடிக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு வரும் விண்ணப்பங்களிலும் 'செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நிலநடுக்கத்தை முன்கூட்டியே கணிப்பேன்' என்ற வரி தவறாமல் வருகிறது. நாள், இடம், அளவு மூன்றையும் முன்கூட்டிச் சொல்வதுதான் முன்கணிப்பு. ஒரு பெரிய நிலநடுக்கத்தைக்கூட எந்த விஞ்ஞானியும் இதுவரை அப்படிக் கணித்ததில்லை என்று யுஎஸ்ஜிஎஸ் வெளிப்படையாகவே சொல்கிறது. கலிஃபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் ஏறத்தாழ 22 ஆண்டுக்கு ஒருமுறை 6 அளவில் நிலம் குலுங்கிவந்தது. அடுத்தது 1993க்குள் வரும் என்று 1985இல் அறிவித்து, சுற்றிலும் கருவிகளை நட்டுவைத்துக் காத்திருந்தார்கள். அது வந்தது 2004 செப்டம்பர் 28 அன்று. உலகிலேயே மிக ஒழுங்காக நடந்துகொண்ட ஒரு பிளவின் கதை இது. அப்படிப்பட்ட துறையில் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்து முன்கணித்துக் காட்டுவேன் என்று ஒருவர் எழுதினால், இவர் துறையின் வரலாற்றைப் படிக்கவில்லை என்றுதான் தேர்வுக்குழு எடுத்துக்கொள்ளும்.

செயற்கை நுண்ணறிவின் ஒரு வகையான இயந்திரக் கற்றலுக்கு இங்கே நிஜமான வேலை நிறைய இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதிர்வுமானிப் பதிவுகளில், நிலநடுக்கத்தின் முதலில் வரும் பி அலையும் பின்னால் வரும் எஸ் அலையும் வந்து சேரும் நொடியைக் கண்டுபிடிப்பதற்கு ஃபேஸ்நெட், ஈக்யூ-டிரான்ஸ்ஃபார்மர் போன்ற மென்பொருள் கருவிகள் வந்த பிறகு, மனிதக் கண்ணுக்குத் தப்பிய ஆயிரக்கணக்கான சிறு அதிர்வுகள் பட்டியலில் ஏறியிருக்கின்றன. அவற்றைச் சரிபார்க்கவும், இடம் குறிக்கவும், பிளவின் வடிவத்தை அதிலிருந்து வரையவும் ஆள் தேவை. பின்னதிர்வுகளின் நிகழ்தகவைச் சொல்வது, முதல் அலை பதிவானதும் சில நொடி முன்னெச்சரிக்கை தருவது, செயற்கைக்கோள் ரேடாரில் நில நகர்வை அளப்பது, ஒளியிழைக் கம்பியையே அதிர்வுமானியாகப் பயன்படுத்துவது என்று விளம்பரங்கள் வரும் திசைகள் பல. நிகழ்தகவைச் சொல்லும் முன்னறிவிப்பும் முன்கணிப்பும் ஒன்றல்ல என்பதை உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் காட்டிவிடுங்கள், படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

கடிதம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரே கடிதத்தை ஊரிலுள்ள எல்லாப் பேராசிரியர்களுக்கும் அனுப்பும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். 'உங்கள் புகழ்மிக்க ஆய்வகத்தில்' என்று தொடங்கி, இரண்டாம் பத்தியில் வேறொருவருடைய பெயர் நிற்கும் கடிதங்களை நான் வாங்கியிருக்கிறேன். இப்படி ஒரு விளம்பரம் வருகிறது என்று வையுங்கள்: கடலடி ஒளியிழைக் கம்பியின் தொடர் பதிவுகளிலிருந்து சிறு நிலநடுக்கங்களைக் கண்டறிதல், 24 மாதம், பைத்தான் அவசியம், உயர்திறன் கணினி அனுபவம் விரும்பத்தக்கது. இதை எழுதியவரின் நிலைமையை யோசியுங்கள். டெராபைட் கணக்கில் தரவு வட்டுகளில் தூங்குகிறது, நிதி கொடுத்தவர்களுக்கு அறிக்கை தர வேண்டிய தேதி நெருங்குகிறது. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தத் தரவை வைத்து இவர் முதல் மாதத்தில் என்ன செய்வார்? அதற்குப் பதில் முதல் பத்தியிலேயே இருக்கட்டும். 'நான் கடின உழைப்பாளி' என்பது பதில் ஆகாது. 'ஒளியிழைத் தரவில் வேலை செய்ததில்லை. ஆனால் தொடர் பதிவுகளில் வார்ப்பு ஒப்பீட்டு முறையால் (தெரிந்த அதிர்வின் வடிவத்தோடு ஒப்பிட்டு) பின்னதிர்வுகளைத் தேடியிருக்கிறேன், அந்த நிரல் இங்கே இருக்கிறது' என்பது பதில். 'அவசியம்' என்று போட்டது இல்லாவிட்டால் விண்ணப்பிக்க வேண்டாம். 'விரும்பத்தக்கது' இல்லையென்றால் துணிந்து விண்ணப்பியுங்கள். இதில் தயங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான் என்பது என் அனுபவம். தயங்காதீர்கள் அம்மா, அந்தப் பட்டியல் முழுவதும் பொருந்துகிற ஆள் யாருக்கும் கிடைப்பதில்லை.

நிரல் எதுவும் காட்டுவதற்கு இல்லையா? தரவு கொட்டிக் கிடக்கிறது. 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியில் 7.8 அளவில் ஒன்று, ஏறத்தாழ ஒன்பது மணி நேரத்தில் 7.5 அளவில் இன்னொன்று. உலகெங்கும் அவை பதிவான அலைகளை எர்த்ஸ்கோப், ஆர்ஃபியஸ் போன்ற தரவுக் களஞ்சியங்களிலிருந்து ஆப்ஸ்பை என்ற பைத்தான் நிரலகத்தை வைத்து இலவசமாக எடுக்கலாம். அதிர்வுமானிக் கருவியே பதிவில் சேர்க்கும் தாக்கத்தை நீக்கி, ஒரு சிறு கேள்வியை ஒழுங்காக ஆராய்ந்து, மற்றவர் ஓட்டிப் பார்க்கும்படி நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போடுங்கள். சராசரி இதழில் நீங்கள் ஏழாவது ஆசிரியராக வந்த கட்டுரையைவிட அதை நான் கவனமாகப் பார்ப்பேன். பரிந்துரை தருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதெல்லாம் சொல்லித் தர வேண்டிய விஷயமா? ஆம் போலிருக்கிறது. கேட்காமல் பெயரைக் கொடுத்துவிடுகிறார்கள்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே போனால் தோல்வி என்ற நினைப்பையும் கழற்றி வைக்கலாம். வியன்னாவில் இருக்கும், அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்கான அமைப்பான சிடிபிடிஓ, அணுகுண்டுச் சோதனை எங்காவது நடக்கிறதா என்று கண்காணிக்க 50 முதன்மை நிலையங்களும் 120 துணை நிலையங்களும் கொண்ட நில அதிர்வு வலையமைப்பை வகுத்திருக்கிறது. அந்தப் பதிவுகளைப் பகுத்தாய ஆள் எடுக்கிறார்கள். காப்பீட்டு, மறுகாப்பீட்டு நிறுவனங்களுக்குப் பேரிடர் இழப்பைக் கணக்கிடும் கணினி மாதிரிகளை உருவாக்குபவர்கள் வேண்டும். அணை, அணுமின் நிலையம் கட்டுபவர்களுக்கு ஆபத்துக் கணக்கு போடத் தெரிந்தவர்கள் வேண்டும். அதற்கு ஓப்பன்குவேக் போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, இன்றே இறக்கிப் பழகலாம். பூமிக்குள் நீரைச் செலுத்தி வெப்பம் எடுக்கும் முயற்சி சுவிட்சர்லாந்தின் பாசலில் 2006இல் ஊரையே குலுக்கி நின்றுபோனது. 2017இல் தென்கொரியாவின் போஹாங்கில் 5.5 அளவு நிலநடுக்கத்துக்கு அப்படியொரு திட்டமே காரணம் என்று அரசு அமைத்த குழு 2019இல் சொன்னது. அதற்குப் பிறகு, கரியமில வாயுவைப் புதைப்பதானாலும் வெந்நீர் எடுப்பதானாலும், பக்கத்தில் அதிர்வுமானியும் அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரும் இல்லாமல் தொடங்குவது கடினமாகிவிட்டது.

சரி, இடம் கிடைத்துவிட்டது. கையெழுத்துக்கு முன் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். வருவது சம்பளமா, உதவித்தொகையா? உதவித்தொகை என்றால் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் பல இடங்களில் உங்கள் தலையில் விழும். ஒப்பந்தம் ஒரு ஆண்டு, 'பணம் இருந்தால் நீட்டிப்பு' என்றால், இரண்டாம் ஆண்டுப் பணம் இப்போதே கையில் இருக்கிறதா, இனிமேல்தான் விண்ணப்பிக்கிறார்களா? களப்பணி எத்தனை வாரம்? கருவியைத் தூக்கிக்கொண்டு மலையேறுவதா, கணினி முன் மட்டுமா? உங்கள் பிஎச்டியில் பாதியில் நிற்கும் கட்டுரைகளை முடிக்க நேரம் தருவார்களா? போகும்போது தரவையும் நிரலையும் எடுத்துப் போகலாமா? அந்தக் குழுவில் முன்பு போஸ்ட்டாக்காக இருந்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்துத் தனியாகப் பேசுங்கள். அவர்கள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள் என்பதையும், பழைய தலைவரைப் பற்றிக் கேட்டதும் எவ்வளவு நேரம் யோசிக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். துணைவரையும் குழந்தைகளையும் அழைத்துப் போக வேண்டுமென்றால், அவர்களுக்கான விசா விதியையும் உங்கள் ஆணை வரும் முன்பே நிறுவனத்தின் பணியாளர் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.