யார் கையிலும் இல்லாத துவக்கு

பாலைப்பழக் காலம் தொடங்கினால் திருகோணமலையில் எங்கள் சத்திரசிகிச்சை விடுதிக்கு ஒரே வகையான காயங்கள் வரத் தொடங்கும். கோமரங்கடவல, மொறவெவ, சேருவில, ஈச்சிலம்பற்று, திரியாய் ஆகிய இடங்களின் காட்டோரங்களிலிருந்து வரும் அந்தக் காயங்கள் பெரும்பாலும் முழங்காலை ஒட்டியோ தொடையிலோ இருக்கும். கூட வருகிற உறவினர்கள் சொல்லும் காரணமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: முள்ளுக்கம்பி கிழித்தது, அல்லது மரக்குற்றி குத்தியது. அண்மையில் வந்த இளைஞருக்கும் முள்ளுக்கம்பிதான் என்றார்கள். முதல்நாள் பின்னேரம் பட்ட காயத்தில் கோப்பித்தூள் அப்பி, சாரத்தைக் கிழித்துச் சுற்றிக்கட்டி, மறுநாள் விடிந்த பிறகு கொண்டுவந்தார்கள். பாதம் குளிர்ந்து வெளுத்திருந்தது, தொட்டுப் பார்த்தால் நாடித்துடிப்பு இல்லை. எக்ஸ்ரே படத்தில் முழங்காலைச் சுற்றி ஈயச் சன்னங்களும் வெட்டிய ஆணித்துண்டுகளும் சிதறிக் கிடந்தன. அது கட்டுத்துவக்குக் காயம், அதாவது மிருகங்களுக்குப் பொறியாகக் காட்டில் கட்டிவைக்கப்படும் துவக்கு வெடித்த காயம். முழங்காலுக்கு மேலே காலை அகற்றுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அதே நாட்களில் பத்திரிகைகளில் துப்பாக்கிச் சட்டங்களை இறுக்குவது பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்தது. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணி வேடத்தில் வந்த ஒருவர், நடுவே குடைந்த சட்டப் புத்தகத்துக்குள் மறைத்துக் கொண்டுவரப்பட்ட துப்பாக்கியால் ஒருவரைச் சுட்டுக் கொன்றதிலிருந்து இந்தப் பேச்சு ஓயவில்லை. அதற்கு முன்னரே, 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்காகப் பொதுமக்களுக்கு வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக வெலிசறையிலுள்ள கடற்படைத் தளத்தில் ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு அறிவித்திருந்தது. பாதாள உலகத்தினரிடமிருந்து ஆயுதங்களைக் களைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் ஏழைகளின் கால்களைப் பறித்துக்கொண்டிருக்கும் துவக்கை இந்தச் சட்டங்கள் எட்டிப் பிடிக்கும் என்று எவராவது நம்பினால், அந்த நம்பிக்கையை என்னால் பகிர்ந்துகொள்ள முடியவில்லை.

சுடுகலன்கள் தொடர்பான எமது கட்டளைச்சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமாகும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்த நாட்டில் குற்றம். 1996ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, தன்னியக்கத் துப்பாக்கியை உடைமையில் வைத்திருப்பவருக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். 2005ஆம் ஆண்டில் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் பகிரங்கமாக அழிக்கப்பட்டன. இவ்வளவும் நடந்திருக்க, கட்டுத்துவக்கு மட்டும் ஏன் குறையவில்லை? சட்டம் கடுமையாக இல்லை என்பதால் அல்ல. துவக்கை வைத்திருப்பவரைத் தேடிப் பிடிப்பதற்காக எழுதப்பட்ட சட்டம் இது. கட்டுத்துவக்கோ எவருடைய கையிலும் இல்லை. தண்ணீர்க் குழாய்த் துண்டொன்றைக் குழலாக்கி, கரிமருந்தும் இரும்புத்துண்டுகளும் அடைத்து, மிருகங்கள் நடக்கும் தடத்தின் ஓரத்தில் இரண்டு கட்டைகளில் கட்டி, தடத்துக்குக் குறுக்கே மெல்லிய கம்பியையோ தங்கூசி நூலையோ இழுத்துவிட்டுப் போனவர், அது வெடிக்கும்போது தன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அதற்குத் தொடரிலக்கமும் இல்லை, பதிவும் இல்லை. அனுமதிப்பத்திரக் கட்டணத்தை உயர்த்தினாலும், தண்டனையை இரட்டிப்பாக்கினாலும், பழைய பத்திரங்களை மீளாய்வு செய்தாலும், ஒருநாளும் பத்திரம் கேட்டு எந்த அலுவலகத்துக்கும் போகாத அந்த மனிதரை அவை எதுவும் தொடப்போவதில்லை.

ஆனால் இந்தச் சட்டங்கள் ஒருவரை மட்டும் தவறாமல் தொடுகின்றன. அவர் காயம்பட்டவர்.

“துவக்குக் காயம் என்று சொன்னால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்து முடியும்வரை வைத்தியம் செய்யமாட்டார்கள், ஆளைக் கட்டிலிலேயே கைது செய்துவிடுவார்கள்” என்ற எண்ணம் எங்கள் கிராமங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. புதிய சட்டம் வருகிறது, தண்டனை கூடுகிறது என்ற செய்தி வானொலியில் ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் இந்த எண்ணம் இன்னும் இறுகுகிறது. தயவுசெய்து இதைப் பொறுமையாக வாசியுங்கள், வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். துவக்குக் காயத்தோடு ஒருவர் வந்தால் வைத்தியசாலையிலுள்ள பொலிஸ் காவலரணுக்கு நாங்கள் அறிவிக்கத்தான் வேண்டும், சட்ட வைத்திய அதிகாரியும் அவரைப் பரிசோதிப்பார். ஆனால் அந்தப் பதிவு ஒரு பக்கத்தில் நடக்கும், சிகிச்சை வேறொரு பக்கத்தில் நடக்கும். பொலிஸார் வரும்வரை இரத்தம் ஏற்றாமலோ, சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுபோகாமலோ நாங்கள் காத்திருப்பதில்லை. வேறொருவர் கட்டிய துவக்கில் அடிபட்டவர் அந்தக் காரணத்துக்காகக் குற்றவாளி ஆவதுமில்லை, குற்றம் அதைக் கட்டியவருடையது. தானே கட்டிய துவக்கில் தானே மாட்டிக்கொண்டவராக இருந்தாலும், வழக்கைச் சந்திப்பதற்கு அவருக்கு உயிர் இருக்க வேண்டும் அல்லவா? காட்டுக்குள் எதற்குப் போனீர்கள் என்று சத்திரசிகிச்சை நிபுணர் கேட்கமாட்டார். எத்தனை மணிக்கு வெடித்தது, எவ்வளவு தூரத்திலிருந்து வெடித்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பவைதான் எங்களுக்குத் தேவையான தகவல்கள்.

உண்மையை மறைப்பதால் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டுத்துவக்குக் காயம் வெளியே சிறியதாகத் தெரியலாம். உள்ளேயோ கரிமருந்து, துணித்துண்டு, மண், துரு எல்லாம் தசைக்குள் ஆழமாகப் போயிருக்கும். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் நாடி அறுந்திருந்தால், ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்களுக்குள் இரத்தவோட்டத்தை மீட்காவிட்டால் காலைக் காப்பாற்றுவது மிகக் கடினம். கந்தளாயிலிருந்தோ மூதூரிலிருந்தோ எங்களிடம் வருவதற்கும், தேவைப்பட்டால் இங்கிருந்து நாடிகளைப் பொருத்தும் சத்திரசிகிச்சை வசதியுள்ள போதனா வைத்தியசாலை ஒன்றுக்கு அனுப்புவதற்கும் ஆகும் நேரத்தை இந்த ஆறு மணித்தியாலத்திலிருந்து கழித்துப் பாருங்கள். முள்ளுக்கம்பிக் கதை சொல்வதற்கு மிச்சம் எதுவும் இருக்காது. இன்னொரு கொடுமை, தெருமுனை மருந்தகத்தில் தையல் போட்டுக்கொண்டு வருவது. இந்தக் காயத்தை முதல்நாளே தைத்து மூடக்கூடாது. பழுதுபட்ட தசையை வெட்டி நீக்கி, கழுவி, திறந்தே வைத்து, சில நாட்களுக்குப் பிறகுதான் மூடுவோம். அவசரப்பட்டு மூடிய காயத்துக்குள் அழுகல் பரவிய பின் வருபவர்களைப் பார்க்கும்போது எங்கள் தாதியர் கலங்கிப் போகிறார்கள். சன்னங்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்தே ஆக வேண்டும் என்று சண்டை பிடிக்கும் உறவினர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: மூட்டுக்குள்ளோ நரம்பின் மீதோ இல்லாத சிறு சன்னத்தைத் தோண்டி எடுப்பதால் வரும் சேதம், அதை விட்டுவைப்பதால் வருவதைவிட அதிகம்.

மீண்டும் அரசின் கொள்கைகளுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தத் துவக்குகள் சும்மா முளைப்பதில்லை. இறைச்சிக்காகக் கட்டுபவர்கள் ஒருபுறம் இருக்க, ஓர் இரவில் முழுச் சோளக்காட்டையும் பன்றிக்குப் பறிகொடுத்துவிட்டு வேறு வழி தெரியாமல் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதுவரை கிடைத்தவை என்ன? 2023இல் ஓர் இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்புவது பற்றிய அறிவிப்பு வந்தது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடங்களுக்கு, வீட்டிலும் வயலிலும் தென்படும் குரங்குகளையும் மயில்களையும் எண்ணச் சொன்னார்கள். எண்ணிய விவசாயியின் வேலி அப்படியேதான் இருக்கிறது. யானை விடயத்திலாவது, கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020இல் தெளிவானதொரு திட்டத்தைக் கையளித்தது. காட்டுக்குள் வேலி போடாமல், ஊரைச் சுற்றி நிரந்தர மின்வேலியும் வயலைச் சுற்றிப் போகத்துக்குப் போகம் கழற்றி மாட்டும் மின்வேலியும் அமைத்து, அவற்றின் பராமரிப்பை ஊர் மக்களிடமே கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பயிர் காப்பாற்றப்பட்டால் துவக்குக் கட்டும் தேவை குறையும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. அந்தத் திட்டத்துக்குச் செலவிட வேண்டிய அக்கறையைப் புதிய தண்டனைப் பிரிவுகளை எழுதுவதில் செலவிடுவதுதான் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

காட்டுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் பழத்துக்கும் தேனுக்கும் விறகுக்கும் மாட்டுக்கும் நீங்கள் போகத்தான் போகிறீர்கள். ஆனால் மிருகத் தடங்களில் நடக்காதீர்கள், மனிதர்களும் மாட்டுப் பட்டிகளும் நாளாந்தம் போகும் பாதையிலேயே செல்லுங்கள். பொழுது சாயும் மம்மல் நேரத்தில் காட்டுக்குள் நுழையாதீர்கள். தனியே போகாதீர்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்லவே வேண்டாம், ஏனென்றால் பன்றியின் தோள் உயரத்துக்குக் கட்டப்படும் குழல் பெரியவருக்குக் காலில் அடிக்கும், சிறுபிள்ளைக்கு வயிற்றில் அடிக்கும். தடத்துக்குக் குறுக்கே கம்பியைக் கண்டால் அறுக்கவோ அவிழ்க்கவோ முயலாதீர்கள். வந்த வழியே திரும்பி, அந்த இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு துணியைக் கட்டி அடையாளம் வைத்துவிட்டு, 119க்கோ கிராம உத்தியோகத்தருக்கோ தெரிவியுங்கள். எவருக்காவது வெடித்துவிட்டால் உதவிக்கு ஓடுகிறவரும் கால் வைக்கும் இடத்தைப் பார்த்து ஓடுங்கள், ஒரே தடத்தில் இன்னொன்றும் கட்டப்பட்டிருக்கலாம். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடியுங்கள். அழுத்தியும் இரத்தம் பீறிட்டால் மட்டும் காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துவையுங்கள். கோப்பித்தூள், சாம்பல், பச்சிலை எதுவும் வேண்டாம். குடிக்கவும் சாப்பிடவும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுப்பதற்கு அது இடைஞ்சல். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.

துவக்குக் கட்டும் சகோதரர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: அந்தத் தடத்தில் உங்கள் ஊரவர்தான் நடக்கிறார். மான், மரை இறைச்சியை இரகசியமாக வாங்கிச் சமைக்கும் நகரத்து வீடுகளிடம் நான் கெஞ்சவில்லை. நீங்கள் கொடுக்கும் பணம்தான் அந்தக் குழலுக்குள் கரிமருந்தாகப் போகிறது, இன்றோடு நிறுத்துங்கள்.

அதிகாரிகளிடம் நான் கேட்பது புதிய சட்டம் அல்ல. பெரும்போகத்துக்கான பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் ஒவ்வொரு பிரிவிலும் எப்படியும் நடக்கத்தான் போகிறது. விதைப்புத் திகதி, தண்ணீர் திறக்கும் திகதி, மாடுகளை அப்புறப்படுத்தும் திகதி எல்லாம் தீர்மானிக்கப்படும் அதே மேசையில், கமக்காரர் அமைப்பும் பொலிஸாரும் வனஜீவராசிகள் திணைக்களத்தினரும் சேர்ந்து, கட்டிய துவக்குகளைக் கழற்றி ஒப்படைக்க ஒரு திகதியையும், அப்படி ஒப்படைப்பவரின் பெயர் கேட்கப்படாது என்ற உறுதியையும், எந்த வயலுக்கு எப்போது வேலி வரும் என்ற பதிலையும் தீர்மானத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். காயம்பட்டவரை வைத்தியசாலைக்குக் கொண்டுவருபவர் துன்புறுத்தப்படமாட்டார் என்று, அந்தக் கூட்டத்திலேயே, பொலிஸ் பொறுப்பதிகாரி தம் வாயால், தமிழிலும் சிங்களத்திலும், மக்கள் முன்னிலையில் சொல்ல வேண்டும்.