வேலை பழகும் பிள்ளைக்கும் 1,700 ரிங்கிட்

மலேசியாவில் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிந்த கையோடு, பினாங்கின் ஜார்ஜ்டவுன், பட்டர்வொர்த் வட்டாரங்களில் துணிக்கடை, உணவகம், கார் பட்டறை என்று வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகளிடம், "முதல் ஆறு மாதம் வேலை பழகும் காலம், அதுவரை 1,200 ரிங்கிட்தான்" என்று சொல்லப்படுவதைத் தொழிலாளர் வழக்குகளைக் கையாளும் வழக்கறிஞர் என்ற முறையில் தொடர்ந்து கேட்கிறேன். தொழில் கற்றுக்கொண்டால் போதும் என்று பெற்றோரும் இருந்துவிடுகிறார்கள். இந்த ஏற்பாட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை.

2024ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச சம்பள ஆணை மாதம் 1,700 ரிங்கிட்டை நிர்ணயித்துள்ளது. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அது 2025 பிப்ரவரி 1 முதலும், ஐவருக்கும் குறைவானோர் உள்ள சிறு கடைகளுக்கு 2025 ஆகஸ்ட் 1 முதலும் நடப்புக்கு வந்துவிட்டது. வயது குறைவு என்பதற்காக எந்தக் கழிவும் கிடையாது. தகுதிகாண் காலத்தின் முதல் ஆறு மாதங்களுக்கு 30 விழுக்காடு வரை குறைத்துக் கொடுக்க 2012ஆம் ஆண்டு ஆணை இடம் தந்திருந்தது. அந்தச் சலுகை இன்றைய ஆணையில் இல்லை. பகுதிநேர வேலைக்கு மணிக்கு 8.72 ரிங்கிட்.

அதிகம் தவறு நடப்பது சம்பளச் சீட்டில்தான். 1,700 என்பது அடிப்படைச் சம்பளம். 1,300 ரிங்கிட் அடிப்படைச் சம்பளத்தோடு சாப்பாட்டுப் படி, போக்குவரத்துப் படி, வருகைப் படி என்று 400 ரிங்கிட்டைச் சேர்த்துக் கணக்கை நிரப்பினால், கைக்கு 1,700 வந்தாலும் அது சட்டமீறலே. ஓவர்டைம் தொகையையும் இதில் சேர்க்க முடியாது. இவற்றை ஒரு பிள்ளை தனியாகக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், முதல் மாதச் சீட்டைப் பெற்றோர் வாங்கிப் பார்த்தாக வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன்.

தொழில் பழகுநர் என்று ஒருவரைச் சொல்ல, 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் எழுத்துபூர்வமான ஒப்பந்தத்தையும், ஆறு முதல் 24 மாதங்கள் வரையிலான, முறையான பயிற்சியையும் கேட்கிறது. வாய்ப்பேச்சில் சேர்த்துக்கொண்டு, காலையிலிருந்து இரவு வரை டயர் மாற்ற வைக்கும் பட்டறையில் அந்தப் பையன் சாதாரணத் தொழிலாளிதான். அவனுக்கு முழுச் சம்பளமும் சேர வேண்டும். 15 வயது நிறைந்து 18 வயது நிறையாதவராக இருந்தால், நாளுக்கு ஏழு மணி நேரம் என்ற உச்சவரம்பும் இருக்கிறது.

சட்டத்தை மீறும் முதலாளிக்கு, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு தொழிலாளிக்காகவும் 10,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். நிலுவைச் சம்பளத்தையும் கொடுக்கும்படி நீதிமன்றம் ஆணையிடலாம். குறைவாகச் சம்பளம் வாங்குவோர் தொழிலாளர் துறை அலுவலகத்தில் நேரடியாகப் புகார் செய்யலாம். வழக்கறிஞரை அமர்த்த வேண்டிய கட்டாயமில்லை. சம்பளச் சீட்டு தராத இடமென்றால், வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை நேரம் குறித்த வாட்ஸ்அப் செய்திகள், ஊழியர் சேமநிதிச் சந்தா விவரம் ஆகியவற்றை வேலையை விடுவதற்கு முன்பே சேகரித்து வைத்துக்கொள்ளுங்கள்.