சூடு ஏறினால்தான் சொன்ன பேச்சு கேட்கும்

காலை ஏழரை மணி, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். மார்கழி என்பதால் சென்னைக்காரர்கள் 'குளிர்' என்று சொல்லிக்கொள்ளும் 22 டிகிரி. செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் ட்ரையம்ஃப் டேடோனா 675ஆர் பைக்கோடு டிராக்குக்குள் இறங்கினேன். முதல் சுற்றிலேயே ஒரு வளைவில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் திருகியதும் பின்சக்கரம் ஒரு சாண் நழுவி, மறுபடி பிடித்துக்கொண்டது. விழவில்லை. ஆனால் வயிறு ஒரு முறை கலங்கிவிட்டது.

டிராக் ஓரம் வண்டியை நிறுத்திப் பார்க்கும் இடமான பிட்டுக்குத் திரும்பியதும் மெக்கானிக் அண்ணன் என் கையுறையைக் கழற்றச் சொல்லி, உள்ளங்கையைப் பின் டயர் மேல் வைத்தார்.

"சில்லுன்னு இருக்கா, சுடுதா?"

"சில்லுன்னுதான் இருக்குண்ணா."

"அப்போ அது இன்னும் தூங்குது தம்பி. எழுப்பாம ஏன் ஓட்டுனீங்க?"

இந்த ரக வண்டியைப் புரிந்துகொள்ள அந்த ஒரு கேள்வி போதும். சாதாரண பைக்கை எந்த வெப்பநிலையிலும், எந்த வேகத்திலும் ஓரளவு ஒழுங்காக நடந்துகொள்ளும்படி வடிவமைப்பார்கள். டிராக்கை மனதில் வைத்துச் செய்த வண்டி அப்படியல்ல. அதன் டயர், பிரேக், எஞ்சின் எல்லாமே சூடாக, பாரத்தோடு ஓடும்போதுதான் தன் இயல்புக்கு வரும். அதே சூடு வருடக்கணக்கில் ஏறி இறங்கி அதை மெல்ல மெல்லத் தின்னவும் செய்யும். பழைய வண்டியைப் பராமரிப்பது என்பது, சூடு எங்கெல்லாம் பல் பதித்திருக்கிறது என்று தேடுகிற வேலைதான்.

வண்டியைப் பற்றி இரண்டு வரி. டேடோனா 675 சந்தைக்கு வந்தது 2006இல். ஜப்பானியக் கம்பெனிகள் எல்லாம் 600 சிசியில் நான்கு சிலிண்டர் போட்டுக்கொண்டிருந்தபோது, பிரிட்டனின் ட்ரையம்ஃப் 675 சிசியில் மூன்று சிலிண்டரோடு இறங்கியது. சூப்பர்ஸ்போர்ட் பந்தய விதிகளும் மூன்று சிலிண்டருக்கு 675 வரை இடம் கொடுத்தன. 2013இல் எஞ்சின், சட்டகம் எல்லாம் புதிதாக மாறின. சீட்டுக்கு அடியில் இருந்த சைலன்சர் எஞ்சினுக்குக் கீழே இறங்கியது. அந்த ஆண்டு இறுதியில் ட்ரையம்ஃப் இந்தியாவில் விற்பனையைத் தொடங்கியபோது இந்த மாடலும் வந்தது. ஐரோப்பாவில் புகை விதிகள் இறுகியதும் உற்பத்தி நின்றுவிட்டது. 2019 முதல் மோட்டோ2 பந்தயத்தில் ஓடும் 765 சிசி எஞ்சினை இதே குடும்பத்தின் அடுத்த தலைமுறை எனலாம்.

இனி டயர். ரப்பர் பாதி திடப்பொருள், பாதி கெட்டிப் பாகு. தார்ச்சாலையில் துருத்தி நிற்கும் ஒவ்வொரு கல் முனை மீதும் ரப்பர் வழிந்து படிகிறது. கல்லைத் தாண்டியதும் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் கொஞ்சம் தாமதிக்கிறது. அதனால் கல்லின் ஒரு பக்கம் அழுத்தம் அதிகம், மறு பக்கம் குறைவு. பிடிப்பின் பெரும்பங்கு இந்த ஏற்றத்தாழ்வில் இருந்து வருகிறது. மீதி, ரப்பரின் மூலக்கூறுகள் கல்லின் பரப்போடு நேரடியாக ஒட்டிக்கொள்வதால். குளிர்ந்த ரப்பர் விறைப்பாக இருக்கும், கல் இடுக்குக்குள் இறங்காது. அளவுக்கு மீறிச் சூடானால் குழைந்து உரியும். நடுவில் ஒரு ஜன்னல், அதாவது பிடிப்பு சரியாகக் கிடைக்கும் வெப்ப எல்லை இருக்கிறது. டிராக் டயருக்கு அந்த ஜன்னல் உயரத்தில் இருக்கும். பந்தயக்காரர்கள் டயருக்குப் போர்த்தும் மின் போர்வையைப் பெரும்பாலும் 80 டிகிரியை ஒட்டி வைப்பது அதற்காகத்தான்.

போர்வை இல்லாதவர்கள் ஓட்டித்தான் சூடேற்ற வேண்டும். டயர் சூடாவது சாலையில் உரசுவதால் மட்டும் அல்ல. முக்கியமாக அது நசுங்கி நிமிர்வதால். டிவியில் பார்த்துவிட்டுப் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போவதில் பெரிய பலன் இல்லை. வண்டியை நேராக வைத்துக்கொண்டு, பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் மாறி மாறி, படிப்படியாக அழுத்திக் கொடுப்பதுதான் வழி. இரண்டு மூன்று சுற்றாவது ஆகும்.

காற்றழுத்தத்திலும் இதே கதைதான். 30 டிகிரியில் 28 பிஎஸ்ஐ வைத்துக்கொண்டு போகிறீர்கள். உள்ளே இருக்கும் காற்று 70 டிகிரிக்குப் போனால், பள்ளிக்கூடத்தில் படித்த வாயு விதிப்படி கணக்குப் போட்டால் 33 பிஎஸ்ஐக்கு மேல் வரும். டயர் உப்பும், தரையில் படியும் பரப்பு சுருங்கும். ஆகவே டிராக்கில் அழுத்தத்தை அளக்க வேண்டியது ஓட்டிவிட்டு வந்த அடுத்த நிமிடம், டயர் சூடாக இருக்கும்போது.

பழைய வண்டி வாங்குகிறவர் டயரில் பார்க்க வேண்டியது பட்டன் ஆழம் மட்டும் அல்ல. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் அச்சடித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. ஷெட்டில் துணி போர்த்தி, 'ஓட்டவே இல்லை சார்' என்று சொல்லி விற்கும் வண்டியின் டயர், பட்டன் முழுசாக இருந்தும் கட்டையாகிப் போயிருக்கும். ஆக்சிஜன் அதைத் தினமும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தது.

இவ்வளவு பிடிப்பு எதற்கு? 80 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 100 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், உங்கள் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமான விசை பக்கவாட்டில் தேவை. அதாவது வண்டியும் ஓட்டுகிறவரும் சேர்ந்து 45 டிகிரி சாய வேண்டும். டயருக்கு அகலம் இருப்பதால் வண்டி அதைவிடக் கொஞ்சம் கூடவே சாயும். ஓட்டுகிறவர் சீட்டை விட்டு உள்பக்கம் தொங்குவது ஸ்டைலுக்காக அல்ல. நம் எடை உள்ளே போகப் போக, அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க வண்டி சாய வேண்டிய அளவு குறைகிறது. இவ்வளவும் நடப்பது உள்ளங்கை அகல ரப்பர் இரண்டின் மேல்.

அப்புறம் பிரேக். வண்டியும் ஆளும் சேர்ந்து 260 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நேர்ப்பாதையின் முடிவில் 200இல் இருந்து 80 கிலோமீட்டருக்குக் குறைக்கிறீர்கள். இயக்க ஆற்றலில் குறைவது சுமார் 337 கிலோ ஜூல். குழாயில் பிடித்த ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அதற்கும் குறைவாகவே போதும். வீட்டு ஸ்டவ்வில் சில நிமிடங்கள் ஆகும் வேலை இங்கே மூன்றரை, நான்கு நொடியில் முடிகிறது. பெரும்பாலும் முன்சக்கரத்தின் இரண்டு டிஸ்க்கிலேயே. அடுத்த சுற்றில் மறுபடி.

அந்தச் சூடு டிஸ்க்கில் இருந்து அதைக் கவ்வும் பேடுக்கு, பேடில் இருந்து அதை அமுக்கும் காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயிலுக்கு இறங்குகிறது. டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஆனால் இந்த ஆயில் ஈரத்தை விரும்பி உறிஞ்சும். ஹோஸ் வழியாகவும் மூடி வழியாகவும் வருடக்கணக்கில் ஈரம் புகுந்த பிறகு, அதே விதி கேட்கும் கொதிநிலை வெறும் 155 டிகிரி. ஆயில் கொதித்தால் குமிழி வரும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை முடியும். பிரேக் லீவர் கைப்பிடி வரை வரும், வண்டி நிற்காது. ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. டிராக்கில் நாலாவது சுற்றில்தான் தெரியும். கடலோர ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் வருடம் ஒரு முறையாவது ஆயிலை மாற்றிவிடுவது நல்லது. டிராக் போகிறவர்கள் அதற்கு முன்னாலேயே.

சஸ்பென்ஷனைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம் என்பதால் ஒன்று மட்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஆயில் கெட்டுப்போவது கண்ணுக்குத் தெரியாது. உள்ளே தேயும் உலோகத் துகள் கலந்து, சாம்பல் நிறக் கழுவுநீர் மாதிரி வெளியே கொட்டும்போதுதான், இத்தனை நாள் எதன் மேல் ஓட்டினோம் என்று புரியும்.

எஞ்சினுக்கு வருவோம். 675 சிசியில் இருந்து ஏறக்குறைய 125 குதிரைத்திறனை எடுக்க வேண்டும். ஒரு வெடிப்பில் கிடைக்கும் உந்துதலுக்கு எல்லை உண்டு. மிஞ்சியிருக்கும் ஒரே வழி, நிமிடத்துக்கு அதிகம் தடவை வெடிக்க வைப்பது. அதற்காக 2013 மாடலில் சிலிண்டரின் விட்டம் 76 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமோ 49.6 மி.மீ. மட்டும். குட்டையும் குண்டுமான சிலிண்டர். விட்டம் பெரிதானால் வால்வுகளைப் பெரிதாக வைக்கலாம். தூரம் குறைந்தால் பிஸ்டன் வேகமும் கட்டுக்குள் இருக்கும்.

கட்டுக்குள் என்று சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். நிமிடத்துக்கு 14,000 சுற்றில், மேல் முனையில் பிஸ்டன் நின்று திரும்பும்போது அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 6,000 மடங்குக்கு மேல். பிஸ்டனும் அதைக் கோத்திருக்கும் 'பின்' எனும் ஊசியும் சேர்ந்து 200 கிராம் என்று வைத்தாலும், பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடை இழுக்கும் விசை ஒரு டன்னைத் தாண்டும். இந்த விசை சுற்றின் வர்க்கத்தில் ஏறுவது: 7,000இல் இருப்பதைவிட 14,000இல் நான்கு மடங்கு. உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையில் நிற்பது ஆயிலின் மெல்லிய படலம் ஒன்றுதான்.

அந்த ஆயிலுக்கும் பைக்கில் வேலை அதிகம். காரில் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். இங்கே எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. சூட்டில் ஆயில் நீர்த்துப்போகாமல் இருக்க அதில் நீண்ட பாலிமர் இழைகளைக் கலந்திருப்பார்கள். கியர்ப் பற்கள் அந்த இழைகளைக் கத்தரி போலத் துண்டாக்கிவிடும். கறுத்துப் போவதற்கு முன்பே ஆயில் தன் கனத்தை இழந்துவிடலாம். இன்னொன்று: கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்ந்திருந்தால் பைக்கின் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் பைக் ஆயிலுக்கான 'ஜாஸோ எம்ஏ' தரக்குறி போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அதனால்தான்.

ஊருக்குள் இந்த எஞ்சின் ஏன் சிடுசிடுக்கிறது என்பதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. அதிவேகத்தில் மூச்சு விட வசதியாக அகலமான காற்று வழிகள். உள்வாங்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும் ஏற்பாடு. குறைந்த சுற்றில் அதே அகலத்தில் காற்று சோம்பலாக நகர்கிறது. போதாக்குறைக்கு அண்ணா சாலை சிக்னலில் ரேடியேட்டர் மேல் காற்றே படாது. ஃபேன் கத்தும், தொடை வேகும்.

தொடை மட்டும் அல்ல, சார்ஜிங் அமைப்பும் வேகும். இந்தக் காலத்து ஸ்போர்ட் பைக்குகள் பலவற்றில் மின்சாரம் செய்யும் ஆல்டர்னேட்டரில் இருப்பது நிரந்தரக் காந்தம். எஞ்சின் சுற்றும்வரை அது மின்சாரம் செய்துகொண்டேதான் இருக்கும், குறைத்துக்கொள் என்று சொல்ல முடியாது. மிச்சம் வருவதைப் பழைய பாணி ரெகுலேட்டர் ஷார்ட் செய்து வெப்பமாக்கி விடுகிறது. அந்த மின்னோட்டம் ஆல்டர்னேட்டரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டரின் கம்பிச் சுருளுக்குள்ளும் ஓடுவதால் அதன் காப்புப் பூச்சு வருடங்கள் போகப் போகக் கருகும். பேட்டரி செத்துவிட்டது என்று புதிது வாங்கும் முன், எஞ்சினை 5,000 சுற்றில் வைத்து பேட்டரி முனையில் மல்டிமீட்டர் பிடித்துப் பாருங்கள். 14 வோல்ட்டை ஒட்டி நின்றால் நல்லது, 12.5க்கும் கீழே இறங்கினால் குற்றவாளி பெரும்பாலும் பேட்டரி அல்ல.

கடைசியாக, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வேலை: வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கு மேலே விட வேண்டிய இடைவெளி. 20,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை பார்க்க வேண்டியது. டேங்க், ஏர்பாக்ஸ் எல்லாம் கழற்ற வேண்டும் என்பதால், வண்டியை விற்கிறவர்கள் பெரும்பாலும் அடுத்தவர் தலையில் கட்டிவிடுவார்கள். என் தலையிலும் அப்படித்தான் விழுந்தது.

மூடியைத் திறந்து, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, மெக்கானிக் அண்ணன், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை, வால்வைத் தள்ளித் திறக்கும் ஒவ்வொரு கேமுக்கும் அடியில் நுழைத்தார். கேமுக்கும் வால்வு மேலிருக்கும் கிண்ணம் போன்ற பக்கெட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டியது ஒன்றிரண்டு தாள் தடிமன் இடைவெளி. 14,000 சுற்றில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 116 தடவை தன் இருக்கையில் வந்து அறைகிறது. அறைந்து அறைந்து இருக்கையில் மெல்ல இறங்குகிறது. அதனால் வால்வின் தண்டு மேலே ஏறி, இடைவெளி சுருங்குகிறது. முழுக்கச் சுருங்கிவிட்டால் வால்வு சரியாக மூடாது. வெளியேற்றும் வால்வுக்குத் தன் சூட்டைக் கொட்ட முக்கியமான இடமே அந்த இருக்கைதான். அதில் சரியாக உட்காரவில்லை என்றால் விளிம்பு எரிந்துபோகும்.

எனக்கு இரண்டு வெளியேற்றும் வால்வில் கேஜ் நுழையவே இல்லை. அண்ணன் கேமைக் கழற்றி, பக்கெட்டுக்கு அடியில் இருந்த பொத்தான் அளவு ஷிம்களை, அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் தகடுகளை எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து, ஒரு நூலிழை மெல்லியதாக வேறு இரண்டைப் போட்டார். எல்லாம் பூட்டி ஸ்டார்ட் செய்ததும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. முன்பு வழுவழுவென்று இருந்த எஞ்சினில் இப்போது டிக்டிக் என்று ஒரு சத்தம்.

"என்னண்ணா, முன்னவிட சத்தம் ஜாஸ்தியா இருக்கே?"

"சத்தம் போடுற வால்வு மூடுது தம்பி. சத்தம் போடாம இருந்துச்சு பாருங்க, அப்போதான் நீங்க பயந்திருக்கணும்" என்றவர், குனிந்து பின் டயரில் கை வைத்துப் பார்த்தார். பிறகு போகலாம் என்று தலையசைக்காமல் போர்வையை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார்.