டிராக்-ஃப்ரீ என்பது காற்றில்லாத இடத்தின் பெயர் இல்லை

செயற்கைக்கோள் கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன் என்பதால், விடுமுறைக்கு ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் வந்தால் இறுதியாண்டுப் பிள்ளைகள் புராஜெக்ட் அறிக்கையோடு வீடு தேடி வருவார்கள். எனக்கும் அது சந்தோஷம்தான். ஆனால் போன வாரம் வந்த அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இப்படி இருந்தது: "விண்வெளியில் காற்று இல்லை, ஆகவே இந்தச் செயற்கைக்கோள் டிராக்-ஃப்ரீ." அதாவது, இழுத்துத் தடுக்கும் விசையே இல்லாதது என்று. இந்த வருஷம் இதே வரியோடு வரும் மூன்றாவது அறிக்கை இது. மூன்றுமே காசு கொடுத்து வாங்கியவை. பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

250 கி.மீ. உயரத்தில் காற்று இருக்கிறது. பூமியின் ஈர்ப்பை அளந்த ஐரோப்பாவின் கோச்சே (GOCE) செயற்கைக்கோள் 2009 முதல் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் சுற்றியது. அதன் செனான் அயனி எஞ்சின் 1 முதல் 20 மில்லிநியூட்டன் வரை தள்ளி, எதிர்க்காற்றை ஈடுகட்டிக்கொண்டே இருந்தது. 2013 அக்டோபர் 21-ல் செனான் தீர்ந்தது. நவம்பர் 11-ல் கலமே வளிமண்டலத்தில் விழுந்து எரிந்தது. மூன்றே வாரம்! காற்று இல்லை என்று இனி யாரும் எழுத வேண்டாம்.

சரி, இன்னும் தூரம் போனால்? ஈர்ப்பு அலைகளை அளக்கும் தொழில்நுட்பத்தைச் சோதித்த லிசா பாத்ஃபைண்டர் கலம் பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி நின்றது. அங்கே வெயில் தள்ளும். ஒளியை விழுங்கும் பரப்பில் சதுர மீட்டருக்குச் சுமார் 4.5 மைக்ரோநியூட்டன், கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பினால் இரண்டு மடங்கு.

அப்படியானால் டிராக்-ஃப்ரீ என்பது என்ன? அது கலம் ஓயாமல் செய்யும் ஒரு வேலை. கலத்துக்குள் ஒரு கட்டி எதையும் தொடாமல் மிதக்கும். லிசா பாத்ஃபைண்டரில் அது தங்கமும் பிளாட்டினமும் கலந்த 46 மி.மீ. கனசதுரம், ஏறத்தாழ இரண்டு கிலோ. காற்றும் வெயிலும் படுவது கலத்தின் மேல். கட்டி ஈர்ப்புக்கு மட்டுமே கட்டுப்பட்டுப் போகும். கலம் விலகினால் சென்சார் சொல்லும், த்ரஸ்டர் என்ற குட்டி எஞ்சின் கலத்தை நகர்த்தும். நகர வேண்டியது கலம். கட்டி இல்லை, கலம்! தனுஷ்கோடிக் காற்றில் அகல்விளக்கு கொண்டுபோகிறவரின் கையைப் பாருங்கள். சுடர் சாயும் பக்கமெல்லாம் உள்ளங்கை கூடவே போகும், சுடரைத் தொடாது.

அந்த அறிக்கையில் த்ரஸ்டரையும் "சக்தி போதாது" என்று பெரியதாக மாற்றியிருந்தார்கள். லிசா பாத்ஃபைண்டரில் நாசா வைத்த த்ரஸ்டர்கள் ஒவ்வொன்றும் 5 முதல் 30 மைக்ரோநியூட்டன்தான் தரும். ஒரு கொசுவின் எடை அவ்வளவு இருக்கும். வெயில் அந்த அளவுக்குத்தான் தள்ளுகிறது. பதிலுக்கு அதற்கு மேல் எதற்கு? பெரிய த்ரஸ்டரின் நடுக்கமே வெயிலைவிட மோசமாகக் கலத்தை உலுக்கும்.

கோச்சே அளந்தது நமக்கு அந்நியமான விஷயமும் இல்லை. உலகிலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது. பூமியின் வடிவத்துக்குக் கணக்கில் வைத்திருக்கும் சீரான முட்டைவடிவப் பரப்பைவிடக் கடல்மட்டமே அங்கே 100 மீட்டருக்கு மேல் தாழ்வு. நம் கரை அந்தப் பள்ளத்தின் சரிவில் கிடக்கிறது. அரிச்சல்முனை மணலில் சர்வே ஜி.பி.எஸ். கருவியை வைத்தால், அந்தப் பரப்பிலிருந்தே அளக்கும், திருத்தம் செய்யாத உயரம் மைனஸ் 90 மீட்டரை ஒட்டி வரும்.

தம்பி, தங்கச்சிகளுக்கு: த்ரஸ்டரின் உச்ச விசையை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள், இரைச்சல், அதாவது அந்த விசையின் நடுக்கம், எவ்வளவு என்றும் எழுதுங்கள். எரிபொருள் குறையக் குறையக் கலம் கட்டியை இழுக்கும் ஈர்ப்பும் மாறும். அதைக் கணக்கில் சேருங்கள். காஸ்மிக் கதிர் பட்டுக் கட்டியில் மின்னூட்டம் ஏறும். புற ஊதா விளக்கால் அதை இறக்க வேண்டும். இதை எழுதாத அறிக்கையை நான் பாதியில் மூடிவிடுவேன். கடையில் புராஜெக்ட் வாங்கவே வாங்காதீர்கள். அந்தப் பணம் வீட்டில் யாரோ ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்து சம்பாதித்தது. ஆசிரியர்களே, கையெழுத்துப் போடுமுன் முதல் பக்கத்தையாவது படியுங்கள், தயவுசெய்து.

அப்புறம், வைவாவுக்கு முந்தின ராத்திரி வராதீர்கள். பொங்கலுக்கு ஊரில்தான் இருப்பேன். தப்பும் தவறுமாக இருந்தாலும் நீங்களே போட்ட கணக்கோடு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.